ஆன்லைன் கடை திறந்தாச்சு, ஆர்டர் மட்டும் வரல: எங்க அடைச்சிருக்கு?

[திரையில்: ஒரு ஃபோன். கடையோட ஆர்டர் பக்கம். எண்ணிக்கை: 2]

வணக்கம். பகல்ல ஓசூர் சிப்காட்ல வேலை, மிச்ச நேரத்துல முளைகட்டின ராகி மாவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இந்த மாதிரி சைடு பிசினஸ் நிறைய பேர் ஆரம்பிக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை காலையில கடை லிங்கைப் போடுறாங்க. புதன்கிழமை வரைக்கும் ரெண்டே ஆர்டர், அதுல ஒண்ணு மச்சான் போட்டது. "நம்ம மாவு யாருக்கும் வேணாம் போல"ன்னு கடையை மூடிடறாங்க.

குழாய்ல தண்ணி வரலன்னா கிணறு வத்திடுச்சுன்னு உடனே சொல்ல மாட்டோம், எங்க அடைச்சிருக்குன்னு பாப்போம். இங்கயும் அதேதான். மெசேஜ் போய்ச் சேரலயா, பக்கம் திறக்கலயா, டெலிவரி சார்ஜைப் பாத்துட்டுத் திரும்பிட்டாங்களா, பணம் கட்ட முடியலயா? இந்த நாலும் சரியா இருந்தும் வாங்கலன்னாதான் மாவைப் பத்தியே யோசிக்கணும்.

[திரையில்: வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்]

பெரும்பாலும் முதல் அடைப்பு வாட்ஸ்அப்லதான். கடைக்குன்னு புது சிம் வாங்கி, 200 நம்பரை பிராட்காஸ்ட் லிஸ்ட்ல (ஒரே மெசேஜை நிறைய பேருக்குத் தனித்தனியா அனுப்பற வசதி) ஏத்தி அனுப்புவாங்க. ஆனா உங்க நம்பரை அவங்க ஃபோன்ல சேவ் பண்ணியிருந்தாதான் பிராட்காஸ்ட் போகும். புது நம்பரை யார் சேவ் பண்ணியிருப்பாங்க? அனுப்பின மெசேஜை அழுத்திப் பிடிச்சு 'இன்ஃபோ' பாருங்க, எத்தனை பேருக்கு டெலிவரி ஆச்சுன்னு தெரிஞ்சிடும். ஒரு லிஸ்ட்ல 256 பேருக்கு மேல சேக்கவும் முடியாது.

இதுக்கான வேலையை கடை திறக்க ரெண்டு வாரம் முன்னாடியே தொடங்கணும். பழைய நம்பர்ல இருந்து, தெரிஞ்சவங்களுக்கு மட்டும், "இந்தப் புது நம்பரை சேவ் பண்ணிட்டு ஒரு ஹாய் போடுங்க"ன்னு கேளுங்க. ஹாய் போட்டவங்கதான் உங்க நிஜமான லிஸ்ட். அறிமுகமே இல்லாத நம்பர்களுக்கு ஒரே மெசேஜைக் காப்பி அடிச்சு வேகவேகமா அனுப்பாதீங்க, நம்பரையே முடக்கிடுவாங்க.

இன்னொண்ணு: வாட்ஸ்அப் குரூப், இன்ஸ்டா, ஃபேஸ்புக் மூணுக்கும் ஒரே லிங்கைக் கொடுக்காதீங்க. எங்கிருந்து வந்தாங்கன்னு தெரியற மாதிரி யுடிஎம் (லிங்க் கடைசியில சேக்கற அடையாளக் குறிப்பு) ஒட்டின தனித்தனி லிங்க் போடுங்க. காசு செலவில்லாத வேலை. இது இல்லாம கடை திறந்தா, தோத்த காரணம் கடைசி வரைக்கும் ஊகமாவே இருக்கும்.

பக்கம் திறக்கற விஷயம் சுருக்கமா. ஃபோன்ல எடுத்த 4 எம்பி போட்டோவை அப்படியே ஏத்தாதீங்க. படத்தோட சைஸைக் குறைக்கற வெப்-பி ஃபார்மட்ல மாத்தி 150 கேபி-க்குள்ள கொண்டு வாங்க. பக்கம் திறக்கற வேகத்தை அளக்கற கூகுளோட பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்ல மொபைல் டெஸ்ட் போடுங்க. பக்கத்தோட முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள்ள தெரியணும். வீட்டு வைஃபைல பாத்துத் திருப்தி அடையறதுல அர்த்தமில்ல. பென்னாகரம் பஸ்ல உக்காந்து மொபைல் டேட்டால திறந்து பாருங்க.

[திரையில்: அட்டைப்பெட்டி, அளவு நாடா, தராசு]

இப்ப கொரியர். முக்கால்வாசிப் பேர் கணக்குல கோட்டை விடற இடம் இதுதான். கொரியர்காரங்க நிஜ எடை, கன அளவு எடை ரெண்டையும் பாத்து, எது அதிகமோ அதுக்குக் காசு வாங்குவாங்க. நீளம், அகலம், உயரம் மூணையும் செ.மீ.ல பெருக்கி 5000-ஆல வகுத்தா கன அளவு எடை. ஒரு கிலோ மாவை 30 × 20 × 15 பெட்டியில வெச்சா 9000, வகுத்தா 1.8 கிலோ. கட்டணம் அரை அரை கிலோவாத்தான் ஏறும், அந்தப் படிக்குப் பேர் ஸ்லாப். அப்படி ஏத்தினா, 2 கிலோவுக்கு பில்.

சரி, பெட்டி வேணாம், பவுச்ல போட்டு கவர்ல அனுப்பலாம்னா? மாவு ஒரு கிலோ, பவுச்சும் கவரும் சேத்து 1,060 கிராம் வருதுன்னு வைங்க. அந்த 60 கிராமுக்காக 1.5 கிலோ ஸ்லாப்ல விழும். அதுக்கு 900 கிராம் பாக்கெட்டா போட்டா எல்லாம் சேத்து ஒரு கிலோவுக்குள்ள அடங்கிடும். அப்படிப் போடறப்ப ஒரு கிராம் என்ன விலைன்னும் பாக்கெட்ல அச்சடிக்கணும். எம்ஆர்பி, நிகர எடை, தயாரிச்ச மாசம், உங்க முகவரி, புகார் சொல்ல நம்பர், உணவுப் பாதுகாப்பு ஆணையம் தர்ற 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் எல்லாம் எப்பவும்போல இருக்கணும்.

டெலிவரி சார்ஜைக் கடைசிப் பக்கத்துல ஒளிச்சு வைக்காதீங்க. 120 ரூபா மாவுன்னு நம்பி வந்தவங்களுக்கு, பணம் கட்டற நேரத்துல 80 ரூபா கூடுதலாத் தெரிஞ்சா நகர்ந்துடுவாங்க. ரெண்டு, மூணு பாக்கெட்டை ஒரு செட்டாக்கி, டெலிவரியும் சேந்த விலையை முதல் பக்கத்துலயே போடுங்க. கேஷ் ஆன் டெலிவரி கொடுத்தா, அனுப்பறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணி உறுதி பண்ணிக்குங்க. திரும்பி வந்த பார்சலுக்குப் போன கூலி, வந்த கூலி ரெண்டும் உங்க தலையில.

[திரையில்: ஜூஜூவாடி எல்லை, பெங்களூரு போர்டு]

இது நம்ம மாவட்டத்துக்கே உரிய சிக்கல். காசு கொடுத்து வாங்கற ஆள் பெங்களூருல இருக்காங்க, ஓசூர்ல இருந்து கூப்பிடு தூரம். ஆனா ஜூஜூவாடி தாண்டினா வேற மாநிலம். தமிழ்நாட்டுக்குள்ள பொருள் விக்கறவங்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்ல. வரி உள்ள பொருளை வேற மாநிலத்துக்கு வித்தா, முதல் பாக்கெட்டுக்கே பதிவு வேணும். லேபிள் ஒட்டி பேக் பண்ணின ராகி மாவுக்கு 5 சதவீத வரி. மாம்பழத்துக்கு வரி இல்லைங்கிறதால, பழம் மட்டும் அனுப்பற கிருஷ்ணகிரிக்காரருக்கு இந்தத் தொல்லை இல்ல. அவர் சொல்றதைக் கேட்டு மாவுக்காரர் பதிவு இல்லாம இறங்கிடறதுதான் வழக்கமா நடக்கற தப்பு. பதிவு கைக்கு வர்ற வரைக்கும் கடையோட பின்கோடு பட்டியல்ல தமிழ்நாட்டை மட்டும் வைங்க.

பணம் கட்டற இடத்துக்கு வருவோம். பேமென்ட் கேட்வே (ஆன்லைன்ல பணம் வாங்கித் தர்ற சேவை) நிஜப் பணம் வாங்காத டெஸ்ட் மோடுல இருக்கும், லைவுக்கு மாத்த மறந்திருப்பாங்க. இல்லன்னா ரீஃபண்ட் பாலிசி, தொடர்பு முகவரி பக்கங்கள் இல்லைன்னு கேவைசி (கடைக்காரர் யாருன்னு சரிபாக்கறது) நின்னிருக்கும். இன்ஸ்டாகிராம் உள்ளயே திறக்கற பிரவுசர்ல இருந்து யுபிஐ ஆப்புக்குத் தாவறது சில ஃபோன்ல நடக்காது. பக்கத்துல ஒரு வாட்ஸ்அப் ஆர்டர் பட்டனும் வைங்க. ஓடிபி போட்டு லாகின் பண்ணச் சொல்றதே வேணாம். வியாபார எஸ்எம்எஸ்ஸைப் பதிவு பண்ற டிஎல்டி தளத்துல டெம்ப்ளேட்டை (மெசேஜோட மாதிரி) பதிவு பண்ணலன்னா எஸ்எம்எஸ் ஓடிபி போகவே போகாது, ஆளும் போயிடுவாங்க.

கடை திறக்கறதுக்கு முந்தின நாள், ஒரு ரூபா விலையில ஒரு டெஸ்ட் பொருளைப் போட்டு, வேற வேற ஃபோன், வேற வேற சிம் வெச்சிருக்கற அஞ்சு பேரை நிஜமாவே வாங்கச் சொல்லுங்க. பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுக்காதீங்க.

லிங்க் போடற நேரமும் முக்கியம். பல தொழிற்சாலைகள்ல ஃபோனை உள்ள கொண்டு போக விடமாட்டாங்க. முதல் ஷிஃப்டுக்குப் போற நாள்ல காலையில லிங்கைப் போட்டுட்டுப் போனா, "குழந்தைக்குக் கொடுக்கலாமா?"ன்னு கேட்டவருக்கு ரெண்டு மணிக்குத்தான் பதில் போகும். லீவு நாள்ல போடுங்க, இல்ல வீட்ல ஒருத்தர்கிட்ட ஃபோனைக் கொடுத்துட்டுப் போங்க.

கடை ஏற்கெனவே படுத்திருந்தா, லிங்கைத் தட்டியும் வாங்காதவங்கள்ல தெரிஞ்ச பத்துப் பேருக்கு ஃபோன் பண்ணுங்க. "ஏன் வாங்கல?"ன்னு கேட்டா சங்கடப்பட்டு "அப்புறம் வாங்கறேன்"பாங்க. "எந்தப் பக்கம் வரைக்கும் போனீங்க?"ன்னு கேளுங்க. அந்தப் பக்கத்தைச் சரி பண்ணிட்டு, 20 கிலோ மட்டும் அரைச்சு, அதே ஆட்களுக்கு மறுபடியும் லிங்க் அனுப்புங்க.