செருப்புக் குவியலும் பூட்டிய கேட்டும்: தமிழ் வகுப்பு நடத்துபவர்களுக்கான அவசரகாலப் பயிற்சி

[காட்சி: கோயில் மண்டப வாசல். ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் செருப்புகள். கேமரா நகராமல் அங்கேயே நிற்கிறது.]

வணக்கம். இந்தச் செருப்புகளைக் கொஞ்சம் பாருங்கள். ரப்பர் செருப்பு, வெல்வெட் வார் வைத்த பர்மாச் செருப்பு, சின்னப் பிள்ளைகளின் கலர் கலரான பிளாஸ்டிக் செருப்பு. பர்மாவில் யாங்கூனோ பகோவோ மோல்மீனோ, கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடந்தால் வாசலில் இந்தக் குவியல் இருக்கும். உள்ளே பாய் விரித்துப் பிள்ளைகள் அ, ஆ எழுதிக்கொண்டிருப்பார்கள்.

சரி, இப்போது நிலநடுக்கத்தில் கட்டடம் ஆடி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது பிள்ளைகள் இந்த ஒரே வாசல் வழியாக வெளியே வர வேண்டும். முதலில் வருகிறவன் குனிந்து தன் செருப்பைத் தேடுவான். பின்னால் வருகிறவள் அவன்மேல் விழுவாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இருபத்தெட்டுப் பேர்.

போன வருடம் எங்கள் வகுப்பில் முதல்முறையாக ஒத்திகை வைத்தபோது இது அப்படியே நடந்தது. வாசலில் நெரிசல் ஆனதும் சில பிள்ளைகளைப் பின்பக்கக் கதவுக்கு அனுப்பினேன். அங்கே மடக்கு கேட்டில் பெரிய பூட்டு தொங்கியது. பூசாரியிடம் ஓடினேன்.

“ஐயா, பின் கேட் சாவி எங்கே?”

“அது செயலாளர் வீட்டில் இருக்கும்மா. திருட்டுப் பயம், அதனால்தான்.”

செயலாளர் வீடு இரண்டு தெரு தள்ளி. நடந்தது ஒத்திகைதான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த வீடியோ அதிலிருந்துதான் பிறந்தது.

[காட்சி: பர்மா வரைபடம். வடக்கிலிருந்து தெற்காக ஒரு சிவப்புக் கோடு.]

இந்தக் கோட்டுக்குப் பெயர் சகாயிங் பிளவு. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். மண்டலை, நேப்பிடோ, பகோ என்று நமக்குப் பழக்கமான ஊர்களின் பக்கமாகவே போகிறது. இதன் இரண்டு பக்கமும் இருக்கிற நிலம் வருடத்துக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் எதிரெதிர்த் திசையில் நகரப் பார்க்கிறது. நகர முடியாமல் பல வருடம் இறுகிக் கிடந்து, ஒருநாள் சட்டென்று விடுபடும். அதுதான் நிலநடுக்கம்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, பகல் 12.50. நிலநடுக்க அளவு 7.7. நானூறு கிலோமீட்டருக்கும் மேல் பிளவு கிழிந்தது. 3,500க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மண்டலைக்குத் தெற்கே கியாவ்க்சேயில் ஒரு பாலர் பள்ளி இடிந்து குழந்தைகள் இறந்துபோனார்கள். யாங்கூனில் மாடியில் இருந்தவர்களுக்குத் தலைசுற்றுவது போல இருந்தது, அவ்வளவுதான். அதனால் இங்கே நமக்கெல்லாம் வராது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. 1930 மே 5ஆம் தேதி பகோவில் வந்தது ஏறத்தாழ 7.3. ஷ்வேமாடோ பகோடா சரிந்தது. பகோவில் ஐந்நூறு பேர் அளவுக்கும் ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கூனில், ஐம்பது பேர் அளவுக்கும் இறந்தார்கள். நம் தாத்தா பாட்டி காலத்துக் கதைதான், அதே கோடுதான்.

இன்னொன்று கவனித்தீர்களா? மார்ச் 28 என்றால் அரசுப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. நர்கிஸ் புயல் அடித்தது 2008 மே 2, 3 தேதிகளில். அதுவும் விடுமுறை. இரண்டு முறையும் பெரிய பள்ளிக் கட்டடங்களில் பிள்ளைகள் இல்லை. ஆனால் நம் தமிழ் வகுப்புகள்? பர்மியப் பள்ளி மூடியிருக்கும்போதுதான் நாம் பிள்ளைகளைக் கூட்டுகிறோம். வாரக் கடைசியில், கோடையில். பள்ளிக்கூடத்துக்கென்று யாராவது பாதுகாப்புத் திட்டம் போட்டிருந்தால்கூட அது நம் மண்டபத்துக்கு வராது. நாம்தான் போட வேண்டும்.

[காட்சி: கரும்பலகை முன் ஒரு இளம் ஆசிரியை. பத்தொன்பது வயது இருக்கலாம்.]

நம் வகுப்புகளில் கற்றுக்கொடுப்பது யார்? பெரும்பாலும் சம்பளம் இல்லாத தொண்டர்கள். பத்தாம் வகுப்பு முடித்த பெண்கள், வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிறு காலையில் வருகிற தம்பிகள். இந்தப் பெண்ணின் கையில் முப்பது உயிர் இருக்கிறது. அவருக்கு நாம் உயிரெழுத்துப் பாடத்தைப் பழக்குகிறோம், இதைப் பழக்குவதில்லை. ஆபத்து வந்தால் கையும் ஓடாது காலும் ஓடாது என்பார்கள். பழகிய கையும் காலும் ஓடும். அதற்குத்தான் பயிற்சி. காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினால் அது பயிற்சி ஆகாது.

முதலில், ஆடிக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது. ஓடக் கூடாது. நிலம் ஆடும்போது ஓடுகிறவர்கள் விழுகிறார்கள், மேலிருந்து உதிர்வதில் அடிபடுகிறார்கள். மாடியில் இருந்தால் படிக்கட்டு பக்கமே போகக் கூடாது. மேசை இருந்தால் அதன் அடியில் புகுந்து, தலையை மறைத்து, மேசைக்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேசை நகர்ந்தால் கூடவே நகர வேண்டும்.

நம் மண்டபத்தில் மேசையே இல்லையே? பாய்தானே? அப்படியானால் ஜன்னல், கண்ணாடி போட்ட சாமி படங்கள், பீரோ, மின்விசிறிக்கு நேர் கீழே, இந்த இடங்களை விட்டு விலகி, உள்சுவர் பக்கமாக மண்டி போட்டுக் குனிந்து, இரண்டு கையாலும் பிடரியையும் தலையையும் மூடிக்கொள்ள வேண்டும். தோளில் மாட்டுகிற ஷான் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஆசிரியரும் அதையேதான் செய்ய வேண்டும். நின்றுகொண்டு “குனியுங்கள், குனியுங்கள்” என்று கத்தினால் பிள்ளைகள் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் குனிந்தால் அவர்களும் குனிவார்கள்.

[காட்சி: பிள்ளைகள் உள்சுவர் ஓரம் மண்டியிட்டுக் கழுத்தை மூடியிருக்கிறார்கள். ஒரு சின்னப் பையன் மட்டும் விரல் இடுக்கு வழியாகப் பார்க்கிறான்.]

இப்போது கத்துவது பற்றி. எந்த மொழியில் கத்துவது? இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தமிழ் வகுப்புதான், தமிழ் வளர வேண்டும்தான். ஆனால் நம் பிள்ளைகளில் பலருக்கு முதலில் காதில் ஏறுவது பர்மியச் சொல். “நிலநடுக்கம்” என்று நான் ஒத்திகையில் குரல் கொடுத்தபோது ஏழு வயதுப் பிள்ளை ஒன்று, “அப்படின்னா என்ன சயாமா?” என்று கேட்டது. “ஙலியின்!” என்று பர்மியத்தில் சொன்னதும் மொத்த வகுப்பும் குனிந்தது. ஆபத்து நேரத்தில் எந்தச் சொல்லுக்குப் பிள்ளையின் உடம்பு அசைகிறதோ அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். தீ என்றால் “மீ!” தமிழ்ச் சொல்லையும் கூடவே சொல்லிப் பழக்குங்கள், மறுக்கவில்லை. ஒத்திகை நடத்த நடத்த இரண்டும் பதிந்துவிடும்.

[காட்சி: மண்டபத்தின் வெளிப்புறம். கேமரா மெதுவாக மேலே போகிறது, கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள்.]

ஆட்டம் நின்றதும் வெளியே. எங்கே? கோயிலில் வகுப்பு நடத்துகிறவர்கள் பெரும்பாலும் கோபுர வாசலுக்கு முன்னால் கூடலாம் என்று சொல்கிறார்கள். மேலே பாருங்கள். அத்தனை சாமியும் பூதகணமும் செங்கல், சுண்ணாம்பு, சிமென்ட். அடுத்த ஆட்டத்தில் அவை இறங்கும். கோபுரத்துக்கும் மதில் சுவருக்கும் மின்கம்பிக்கும் தள்ளி, திறந்த இடம் ஒன்றைப் பகல் வெளிச்சத்தில் நடந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வேப்பமரத்தடியோ தேர் நிற்கிற முற்றமோ, எதுவானாலும் பிள்ளைகளுக்குத் தெரிந்த அடையாளம் ஒன்று இருக்கட்டும்.

வெளியே வந்தபின் யாரும் உள்ளே திரும்பக் கூடாது. செருப்புக்காக, போனுக்காக, டிபன் கேரியருக்காக, எதற்காகவும். மார்ச் 28 அன்று முதல் ஆட்டத்துக்குப் பிறகு சுமார் 12 நிமிடத்தில் பெரிய பின்னதிர்வு வந்தது. “அப்பாடா” என்று உள்ளே திரும்பிப் போகிற நேரம் அதுதான்.

அப்படியானால் செருப்பு? கண்ணாடித் துண்டின்மேல் வெறுங்காலோடு நடத்த முடியாது, உண்மைதான். நாங்கள் கண்டுபிடித்த வழி இது. வாசலுக்குப் பதிலாக மண்டபத்துக்குள்ளேயே, சாமி சன்னதியை விட்டுத் தள்ளி, பக்கச் சுவர் ஓரம் ஒரு நீளச் சாக்கை விரித்தோம். செருப்பு அதன்மேல், வரிசையாக, முனை வெளியே பார்த்தபடி. கோயில் கமிட்டியில் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்திகையை வந்து பார்க்கச் சொன்னோம். பார்த்தபின் ஒரு பெரியவர்தான் சாக்கைத் தைத்துக் கொடுத்தார். காலை நுழைத்துக்கொண்டே நடக்கலாம், வாசலும் காலியாக இருக்கும். உங்கள் கோயிலில் அது முடியாது என்றால் வாசலின் ஒரு பக்கமாவது ஒழுங்குபடுத்துங்கள்.

[காட்சி: கேட் அருகே ஒரு ஆணி. சிவப்பு ரிப்பன் கட்டிய சாவி.]

சாவி. வகுப்பு நடக்கும்போது எல்லா வாசலும் பூட்டாமல் இருக்க வேண்டும். பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சாவி அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே, உள்பக்கம், ஆசிரியர் கைக்கு எட்டும் உயரத்தில். யாங்கூன் அடுக்குமாடி வீடுகளில் டியூஷன் நடத்துகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். செங்குத்தான குறுகிய படிக்கட்டு, கீழே இரும்புக் கேட், ஜன்னலெல்லாம் கம்பி. பால்கனியிலிருந்து கயிறு கட்டி மணி தொங்கவிட்டிருப்போம், கீழே வருகிறவர் கயிற்றை இழுத்தால் சாவியைக் கயிற்றிலேயே இறக்குவோம். உள்ளே வருவதற்கு இவ்வளவு யோசித்திருக்கிறோம். இருபது பிள்ளைகள் வெளியே போவதற்கும் யோசிக்க வேண்டும்.

அப்புறம் வருகைப் பதிவேடு. அது பாடம் முடிந்ததும் மூடி வைக்கிற நோட்டு இல்லை. வெளியே வரும்போது ஆசிரியர் கையோடு வர வேண்டிய ஒரே பொருள் அதுதான். வெளியே போனதும் பெயர் கூப்பிட்டு எண்ண வேண்டும். ஒருவர் முன்னால் நடக்க, இன்னொருவர் கழிப்பறையையும் எட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியாக வர வேண்டும். ஆசிரியர் ஒருவர்தான் என்றால் பெரிய பிள்ளைகளில் இரண்டு பேரை இதற்குப் பழக்குங்கள். நடக்கச் சிரமப்படும் பிள்ளை இருந்தால் யார் தூக்குவது என்று பெயர் சொல்லி முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

பிள்ளையை ஒப்படைப்பதிலும் குழப்பம் வரும். பதறி ஓடி வருகிற பெரியப்பா, ஃபெர்ரி என்று நாம் சொல்கிற பள்ளி வண்டி ஓட்டுகிற அண்ணன், பக்கத்து வீட்டு அக்கா, எல்லோரும் “நான் கூட்டிப் போகிறேன்” என்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் அம்மா வந்து தேடும்போது பிள்ளை யாரோடு போனது என்று தெரியாவிட்டால் அவர் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். யார் அழைத்துப் போகலாம் என்ற பட்டியலைப் பதிவேட்டின் பின்பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். அழைத்துப் போகிறவரிடம் கையெழுத்து வாங்குங்கள். போன் வேலை செய்யாது என்று நினைத்தே திட்டம் போடுங்கள்.

[காட்சி: படிக்கட்டின் அடியில் ஜெனரேட்டர். பக்கத்தில் பெட்ரோல் கேன்.]

தீ. கரண்ட் போய்ப் போய் வருகிற ஊர் நம் ஊர். அதனால் ஜெனரேட்டரும் பெட்ரோலும் மெழுகுவர்த்தியும் எல்லா இடத்திலும் இருக்கின்றன, கோயிலில் விளக்கும் கற்பூரமும் வேறு. இந்தக் காட்சியில் இருப்பது போலப் படிக்கட்டின் அடியில் பெட்ரோல் வைக்காதீர்கள். தீ பிடித்தால் இறங்குகிற வழியே எரியும். தீயணைப்பான் வாங்கினால் ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். பின்னை உருவி, தீயின் அடிப்பகுதியைக் குறி பார்த்து, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீச வேண்டும். சின்ன சிலிண்டர் பத்துப் பதினைந்து நொடிதான் வரும். அதற்குள் அடங்காத தீ உங்கள் வேலை இல்லை. பிள்ளைகளோடு வெளியேறி 191ஐ அழையுங்கள். புகை இருந்தால் தரையோடு தரையாகத் தவழ்ந்து வர வேண்டும். இதைப் பிள்ளைகள் விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள்.

ஆம்புலன்ஸ் 192, போலீஸ் 199. மூன்று எண்ணையும் கரும்பலகையின் மேல் ஓரத்தில் அழியாத பெயின்டில் எழுதுங்கள்.

புயலுக்கு நேரம் இருக்கும். வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் சொல்லி எச்சரிக்கும். ஆரஞ்சு என்றால் புயல் நம் கரையை நோக்கி வருகிறது என்று அர்த்தம். அப்போதே வகுப்பை நிறுத்திவிடுங்கள். அவ்வளவுதான், அதில் வீரம் காட்ட ஒன்றும் இல்லை.

முதலுதவிக்குத் தனி வீடியோ வேண்டும். இப்போதைக்கு இரண்டு விஷயம். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து, அடிக்கடி எடுத்துப் பார்க்காமல், அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள். சுட்டுக்கொண்டால் இருபது நிமிடம் ஓடுகிற தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை தடவாதீர்கள்.

[காட்சி: மண்டபம். பாயில் பிள்ளைகள். இளம் ஆசிரியை கையில் விசில்.]

ஒத்திகையை முதல்முறை சொல்லாமல் வைக்காதீர்கள், சின்னப் பிள்ளைகள் மிரண்டுபோவார்கள். முதல் வாரம் கதை போலச் சொல்லுங்கள். அடுத்த வாரம் மெதுவாக நடந்து பாருங்கள். அதற்கடுத்த வாரம் விசில். பிறகு மாதம் ஒருமுறை பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு முறையும் ஒரு வழியை மூடிவிட்டு, “இந்தக் கதவு திறக்கவில்லை, இப்போது என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். பெரிய பிள்ளைகள் நம்மைவிட நன்றாக வழி சொல்வார்கள்.

எங்கள் முதல் ஒத்திகையில் வெளியே வர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது. ஐந்தாவது ஒத்திகைக்கு நான் போகவில்லை, வேண்டுமென்றே வீட்டில் இருந்தேன். மதியம் அந்தப் பத்தொன்பது வயது ஆசிரியை போன் செய்தார். “ஒன்றரை நிமிடம்தான் ஆச்சு அக்கா. முப்பத்தொரு பேர், எண்ணிட்டேன். பின் கேட்டும் திறந்துதான் இருந்தது.”

[காட்சி: முற்றம், வேப்பமரத்தடி. ஆசிரியை பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுகிறார். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கை தூக்குகிறார்கள்.]