பதம் பார்க்கும் பொறி

வணக்கம், அன்பான நேயர்களே.

வீட்டுச் சமையல் கருவிகள் வந்த கதையைப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் இலங்கையின் வடக்கே வன்னிப் பள்ளிக்கூடங்களில் மனைப்பொருளியல் படிப்பித்தவள் நான். பாடம் பழகியதுதான். ஆனாலும் புத்தகத்தில் இருக்கிற ஒழுங்கில் சொல்ல மனம் வரவில்லை. ஒட்டுசுட்டானில் என் அம்மம்மாவின் குசினியில் இருந்து தொடங்குகிறேன்.

மண்சுவர், கிடுகுக் கூரை. மூலையில் சாணத்தால் மெழுகிய அடுப்பு. அதன் பெரிய வாயில் சோற்றுப்பானை. ஒட்டினாற்போல் கொடி அடுப்பு. பெரிய வாயில் இருந்து தப்பி வருகிற சுவாலையில் கொடி அடுப்பில் கறி கொதிக்கும். விறகு பாலை. வைரம் பாய்ந்த மரம், தணல் பிடித்தால் இலேசில் அணையாது. அம்மம்மா மூடியை அடிக்கடி திறக்கமாட்டார். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே காதை மட்டும் பானைப் பக்கம் வைத்திருப்பார். உலை முதலில் தளதளவென்று இரையும். அரிசி பூத்து வர வர அந்தச் சத்தம் தடித்து அமுங்கும். அப்போது எழும்பிப் போய் அகப்பையில் நாலு பருக்கை எடுத்து விரலால் நசுக்குவார். "பதம் வந்திட்டுது பிள்ளை, துணியை எடு" என்பார். மூடியோடு பானையைச் சரித்துக் கஞ்சி வடிப்பார்.

இந்தப் 'பதம்' என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். இன்றைக்கு நான் பேசப்போவது முழுக்க அதைப் பற்றித்தான். பதம் பார்க்கிற வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறியிடம் ஒப்படைத்ததுதான் சமையல் கருவிகளின் வரலாறு என்பது என் எண்ணம்.

றைஸ் குக்கரையே எடுங்கள். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்துக்குத் தானாகச் சோறு ஆக்கும் மின் பானை ஒன்று வேண்டியிருந்தது. அந்த வேலை யோஷிதாதா மினாமி என்ற சின்னத் தொழிற்சாலைக்காரரிடம் வந்தது. பொறி அவருக்குத் தெரியும், சோறு தெரியாது. அவர் மனைவி ஃபுமிகோவுக்குத் தெரியும். அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சோறு ஆக்கினார். நெருப்பு எவ்வளவு, எத்தனை நிமிடம், வெளியில் குளிர் என்றால் என்ன, வெயில் என்றால் என்ன என்று அளந்து அளந்து குறித்தார். கடைசியில் வழி கிடைத்தது. பானைக்கு வெளியே இன்னொரு பானை. வெளிப்பானையில் ஊற்றிய அளவு தண்ணீர் ஏறக்குறைய 20 நிமிடத்தில் வற்றிப்போகும். வற்றியதும் சூடு 100 பாகையைத் தாண்டும், உடனே உள்ளே இருக்கிற உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். 1955 டிசம்பரில் அது கடைக்கு வந்தது.

இப்போது நம் வீடுகளில் இருக்கிறவற்றில் வெளிப்பானைத் தண்ணீர் இல்லை. உள்பானையைத் தூக்கிவிட்டுப் பாருங்கள், நடுவில் வில்லு வைத்த சின்ன வட்டம் ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு காந்தம். பானையில் தண்ணீர் நிற்கும்வரை சூடு 100 பாகையைச் சுற்றியே நிற்கும். தண்ணீரை அரிசி குடித்து முடித்ததும் சூடு ஏறும். குறித்த சூட்டைத் தாண்டினால் அந்தக் காந்தத்தின் பிடி விட்டுவிடும். 'டிக்' என்று ஆளி மேலே வரும். அம்மம்மாவின் காது செய்த வேலை அது. எனக்கு இதில் பெரிய மதிப்பு உண்டு. ஃபுமிகோவின் பெயரை வகுப்பில் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

மிக்சியின் கதையும் அப்படித்தான். இந்தியாவில் சத்யபிரகாஷ் மாத்தூர் என்ற பொறியியலாளரின் வீட்டில் ஒரு வெளிநாட்டு மிக்சி இருந்தது. பழச்சாறு அடிக்கச் செய்த பொருள். நம்மவர் அரைப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல் மோட்டார் எரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் செத்தல் மிளகாயையும் ஊறிய உளுந்தையும் தாங்குகிற மோட்டாரோடு அவர் தானே ஒன்றைச் செய்தார். 1963இல் சுமீத் மிக்சி வந்தது. மோட்டாருக்குப் பரீட்சை வைத்தது அம்மி.

பிரஷர் குக்கர் இவற்றை விடப் பழையது. டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இலேயே இலண்டனில் அதைக் காட்டிவிட்டார். ஆவி மிஞ்சினால் வெடிக்காமல் இருக்க அடைப்பிதழும் வைத்தார். காஸ் அடுப்புக்கு இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஷார்ப் 1826இல் உரிமம் எடுத்தார். சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் 1892இல் செய்த பிறைமஸ் மண்ணெண்ணெய் அடுப்பு உலகமெல்லாம் போனது. எங்கள் பக்கம் உத்தியோகத்தர் குவாட்டர்ஸ்களில் அது 'சீ' என்று இரைவதைச் சின்ன வயதில் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

சரி, இதெல்லாம் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஊர்களின் கதை. வன்னியில் காலம் அப்படி நேராக ஓடவில்லை.

1990இல் சண்டை மறுபடி தொடங்கியதும் கரண்ட் இருந்த இடங்களிலும் கரண்ட் போனது. மண்ணெண்ணெய்க்குத் தடை. ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம். இந்த நிகழ்ச்சியைக் கேட்கிறவர்களில் எத்தனை பேர் அப்படிச் சுற்றியிருப்பீர்கள்! டீசல் இல்லாமல் மில் நின்றதும், ஆடு கட்ட வைத்திருந்த உரலை உருட்டிக் கழுவி எடுத்தோம். இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் மா இடித்து வறுக்கத் தெரிந்த கிழவிகளுக்குத் திடீரென்று மரியாதை வந்தது.

அந்த நாட்களில் பாடத்திட்டத்தில் காஸ் அடுப்பு இருந்தது. கரும்பலகையில் படம் கீறி, குழாய், குமிழ், நீலச் சுவாலை என்று விளக்கினேன். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "நீல நெருப்பு சுடுமோ ரீச்சர்?" வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. யாருமே பார்த்ததில்லை. நானும் அதிகம் பார்த்தவள் இல்லை.

2002இல் போர்நிறுத்தத்தோடு, வன்னி வழியே யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி திறந்தது. லொறிகளில் மிக்சியும் பிளாஸ்டிக் வாளியும் வந்து இறங்கின. நாலு வருடத்தில் வீதி மூடியது. 2009 மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில், எங்களிடம் இருந்தது ஒரு கிடாரம், மூன்று கல், அரிசி, உப்பு. அந்தக் கஞ்சியை ஒவ்வொரு மே மாதமும் காய்ச்சிப் பகிர்கிறோம். அதைப் பற்றி நான் வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு செட்டிகுளம் முகாமில் தகரத்துக்குக் கீழே மறுபடி மூன்று கல். ஊர் திரும்பிய பிறகு மின்கம்பம் நட்டார்கள், கரண்ட் வந்தது. அப்புறம் சில வருடங்களுக்குள் எங்கள் குசினிகளில் றைஸ் குக்கர், கிறைண்டர், காஸ் எல்லாம் சேர்ந்தே ஏறின. மற்றவர்கள் ஐம்பது வருடத்தில் கண்டதை நாங்கள் ஐந்தாறு வருடத்தில் கண்டோம்.

புகையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். விறகடுப்பைப் பாசத்தோடு பேசுகிறேன் என்று நினைக்கவேண்டாம். அம்மம்மாவுக்குக் கண் எப்போதும் சிவந்தே இருக்கும்; கடைசி வருடங்களில் இருமல் விடவில்லை. வீட்டுக்குள் புகைகிற அடுப்புகளால் 2020இல் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் செத்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. இலங்கையில் 1980களில் உருவாக்கிய 'அனகி' களிமண் அடுப்பு இதற்கு ஒரு நல்ல பதில். இரண்டு சட்டி வைக்கலாம், நெருப்பு வெளியே சிதறாது, மூன்று கல் அடுப்பை விட விறகு குறைவு. ஒரு வாயில் மிஞ்சிய சூடு அடுத்த வாய்க்குப் போகிறது. பார்த்தவுடன் எனக்குக் கொடி அடுப்புத்தான் நினைவுக்கு வந்தது. விறகு எரிக்கிறவர்கள் தயவுசெய்து சுவருக்கு மேலே புகை போக வழி வையுங்கள்.

2022இல் காஸ் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே இரவில் 340 ஆனது. கொழும்பில் இருந்து என் சகோதரி தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, ஈர விறகை எப்படிப் பிடிக்க வைக்கிறது?" காய்ந்த பனங்கொட்டை ஊமலும் பனம் பன்னாடையும் தேடு என்றேன். கொழும்பில் ஊமலுக்கு எங்கே போவாள், பாவம்.

எங்கள் வீட்டில் இப்போது றைஸ் குக்கர்தான் சோறு ஆக்குகிறது. போன மாதம் ஒரு நாள், உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. பேத்திக்குப் பதினொரு வயது. அரைவேக்காட்டுச் சோற்றை மண்பானையில் ஊற்றி, பின்பக்க அடுப்பில் ஏற்றிவிட்டு அவளைப் பக்கத்தில் இருத்தினேன்.

"எப்ப இறக்கிறது அம்மம்மா? இது டிக் எண்டு சொல்லாதே."

"காதை வைச்சுக் கேள்."

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். தணல் சுட்டு முகமெல்லாம் வியர்த்தது. நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"சத்தம் மாறுது."