வன்னிக் கிணற்றுத் தண்ணீரில் செடி நட்ட முதல் மீன் தொட்டி

வணக்கம் உறவுகளே. மீன் தொட்டி வைக்கப் போகிறோம், எந்த மீன் விடலாம் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். மீனைப் பற்றிக் கதைக்க முன்னம் குசினிக்குப் போய் உங்கள் வீட்டுக் கேத்தலைத் திறந்து பாருங்கள்.

(காட்சி: கேத்தலின் உட்புறம். கரண்டிக் காம்பால் சுரண்ட வெள்ளைப் பொருக்கு உதிர்கிறது.)

தண்ணீரில் கரைந்திருந்த கல்சியம் கொதிக்கக் கொதிக்கக் காபனேற்றாகப் படிந்ததுதான் இந்தப் பொருக்கு. இது தடிப்பாக இருந்தால் உங்களுடையது வன்னீர். வன்னியில் கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் வேறுதான், ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் இந்தப் பொருக்கைப் பார்க்கலாம். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் போனால் சவரும் சேர்ந்துகொள்ளும். எந்த மீன் என்பதை முடிவுசெய்வது உங்கள் கிணறுதான், கடைக்காரர் இல்லை.

கடையில் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது நீலமும் சிவப்பும் மின்னுகிற நியோன் டெட்ராவில். அது அமேசன் பக்கத்து மென்னீர் மீன், 26 பாகைக்குக் கீழே இருந்தால்தான் அதற்குச் சுகம். சித்திரை வெயிலில் நம் வீட்டுக்குள் இருக்கிற தொட்டி 30 பாகையில் நிற்கும். சரி, நம் நாட்டு மீனையே விடலாமே என்று செர்ரி பார்பைக் கேட்பவர்களும் உண்டு. அது இலங்கைக்கே உரிய மீன் என்பது உண்மை, ஆனால் அதன் ஊர் தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலான, மென்மையான ஓடைகள். அந்த ஓடைக்கும் கிளிநொச்சிக் கிணற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த மொலியும் பிளாட்டியும், தென்னமெரிக்காவிலிருந்து வந்த கப்பியும்தான் நம் தண்ணீரோடு ஒத்துப்போகும். மொலி கொஞ்சம் சவரையும் தாங்கும். நுளம்புக் குடம்பிகளைத் தின்ன கப்பியைக் கிணற்றுக்குள்ளேயே விடுகிறார்கள், இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? பி.எச். என்கிற அமில-கார அளவைக் குறைக்கிற திரவம் வாங்கித் தண்ணீரை மாற்றப் பார்க்காதீர்கள். வன்னீர் இரண்டு நாளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், அந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்லும்.

தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் போதும், 55 லீற்றர் அளவில் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 55 கிலோ, மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் இன்னும் ஏறும் என்பதால் ஆடாத மேசை வேண்டும், அடியில் ஒரு ரெஜிபோம் தட்டு. வெயில் விழுகிற யன்னலோரம் வேண்டாம், பாசி பிடிக்கும், தண்ணீரும் சுடும்.

மணலை வாளியில் போட்டு, ஊற்றுகிற தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். அழகுக்கென்று கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, முருகைக்கல் போடவே வேண்டாம். எந்தக் கல்லானாலும் இப்படிச் சோதியுங்கள்.

(காட்சி: காய்ந்த கல்லின் மேல் தேசிக்காய்ச் சாறு சொட்டுகிறது. மெல்ல நுரைக்கிறது.)

நுரைத்தால் சுண்ணாம்பு. ஏற்கெனவே வன்னீர், அதை இன்னும் ஏன் கூட்டுவான்?

செடிகளில் முதலில் வலிஸ்நேரியா. வன்னீரில் இருக்கிற பைகாபனேற்றையே உணவாக்கத் தெரிந்த செடி, ஓடி ஓடிக் கன்று வைக்கும். கிரிப்டோகோரைன் வென்ட்டியும் நடுங்கள், அது இலங்கைச் செடி, வன்னீரையும் பொறுத்துக்கொள்ளும். நட்ட புதிதில் இலையெல்லாம் கரைந்து போகலாம், பிடுங்கி எறியாதீர்கள், வேரிலிருந்து மறுபடி வரும். ஜாவா ஃபேர்ணின் தண்டை மணலுக்குள் புதைத்தால் அழுகும், கல்லில் நூலால் கட்டிவிடுங்கள். வயல் வாய்க்காலில் அள்ளி வருகிற செடியில் மருந்தும் இருக்கலாம், மீன்குஞ்சைப் பிடித்துத் தின்கிற தும்பிக் குடம்பியும் இருக்கலாம், அதனால் அதைக் குறைந்தது இரண்டு கிழமை வேறு வாளியில் தண்ணீர் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணித்தியாலம்.

இனித்தான் முக்கியமான இடம், தயவுசெய்து ஓட்டிவிடாமல் பாருங்கள். செடி நட்டாயிற்று, தண்ணீரும் கண்ணாடி மாதிரி இருக்கிறது, இருந்தாலும் மீன் விடக்கூடாது. மீனின் கழிவும் மிஞ்சிய சாப்பாடும் அமோனியாவாகும். ஒரு வகை பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும், நைத்திரேற்றைச் செடி எடுத்துக்கொள்ளும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. இந்தப் பற்றீரியாக்கள் தண்ணீரை வடிகட்டுகிற ஃபில்டரின் ஸ்பொஞ்சில் குடியேற 4 முதல் 6 கிழமை எடுக்கும். வன்னீர்க்காரர்களான நாம் இன்னும் பொறுமையாக இருக்கவேண்டிய காரணம் ஒன்று உண்டு: பி.எச். 7 இலிருந்து 8 ஆக ஏறினால் அமோனியாவின் நச்சு வடிவம் கிட்டத்தட்ட 10 மடங்காகிறது, சூடு ஏறினால் அதுவும் ஏறும். மென்னீர்த் தொட்டியில் மீன் தப்பிவிடுகிற அளவு அமோனியா நம் தொட்டியில் கொன்றுவிடும். ஆகவே ஃபில்டரை ஓடவிட்டு, இரண்டு நாளுக்கொரு தடவை ஒரு சிட்டிகை மீன் சாப்பாடு மட்டும் போட்டு வாருங்கள். சோதனைக் கிட்டில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம், நைத்திரேற்று மட்டும் தெரிகிறது என்றால் தொட்டி தயார். தெரிந்தவர் வீட்டில் நல்ல தொட்டி இருந்தால் அவருடைய பழைய ஸ்பொஞ்சை உங்கள் தொட்டிக்குள் பிழிந்துவிடுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும்.

முதலில் 6 கப்பி, ஆண் மட்டும். பெண் மீன் கடையிலிருந்தே சினையோடு வரும், மாதத்துக்கொரு தடவை குஞ்சு போட்டுத் தொட்டியை நிரப்பிவிடும். இரண்டு கிழமை கழித்து 4 பிளாட்டி, அதிலும் ஆண்களாகப் பாருங்கள். அப்புறம் ஒரேயொரு ட்வார்ஃப் கௌராமி, அதோடு நிறுத்துங்கள். ஃபைட்டர் வேண்டாம், கப்பியின் வாலைக் கிழிக்கும். பிள்ளைகள் கேட்கிற கோல்ட் ஃபிஷ் இந்தத் தொட்டிக்கும் இந்தச் சூட்டுக்கும் சரிவராது. தொட்டி துப்புரவாக்கும் என்று விற்கிற சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். வளர்ந்தபிறகு இரக்கப்பட்டு இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ கொண்டுபோய் விட்டால் அது பெருகி, அந்தக் குளத்தை நம்பி வலை போடுகிறவர்களின் வயிற்றில் அடிக்கும். வாங்கவே வேண்டாம்.

வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கி பஸ்ஸில் வருகிறவர்கள் மீன் பையை ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். வந்ததும் பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள்.

கரண்ட் போனால் அன்றைக்குச் சாப்பாடு போடாதீர்கள். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாலே மீன் தாங்கும். பற்றரியில் ஓடுகிற எயார் பம்ப் வாங்கி வைப்பது இன்னும் நல்லது.

கிழமைக்கொரு தடவை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரீனை நீக்குகிற திரவம் போட்ட பிறகுதான். மாரி வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்குக் குளோரீன் போடுவார்கள், அந்த நாட்களில் கிணற்றுத் தண்ணீருக்கும் இதே கவனம் வேண்டும். ஸ்பொஞ்சை, வெளியே எடுத்த அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்து திரும்பப் போடுங்கள். மிச்சத் தண்ணீரைக் கத்தரிக்கோ மிளகாய்க்கோ ஊற்றுங்கள், நல்ல பசளை.