கடுமையாக என்றால் எல்லாமே ஹார்ஷ்லி இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

ஹார்ஷ்லி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் 'கடுமையாக' என்று போட்டிருக்கும். சரிதான். ஆனால் நாம் அதைத் திருப்பிப் போட்டு, கடுமையாக என்று வரும் இடமெல்லாம் ஹார்ஷ்லி என்கிறோம். அங்கேதான் வழுக்குகிறது.

நம்முடைய 'கடுமையாக' எல்லாச் சுமையையும் தூக்கும். கடுமையாக உழைத்தான், கடுமையாகக் காயம்பட்டான், கடுமையாக மழை பெய்தது, கடுமையாகத் திட்டினார். இந்த நான்குக்கும் ஆங்கிலத்தில் நான்கு சொற்கள். உழைப்புக்கு ஹார்ட், காயத்துக்கு சிவியர்லி, மழைக்கு ஹெவிலி. கடைசியாகத் திட்டினாரே, அவருக்கு மட்டும்தான் ஹார்ஷ்லி.

இதில் உழைப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியாக வேண்டும். 'லி' போட்டால்தானே வினையடை என்று சிலர் ஹார்டோடும் அதை ஒட்டிவிடுவார்கள். போச்சு! ஐ ஒர்க் ஹார்ட் என்றால் கடுமையாக உழைக்கிறேன். ஐ ஹார்ட்லி ஒர்க் என்றால் வேலையே செய்வதில்லை என்ற மாதிரி. வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் இதை எழுதினால் என்ன ஆகும், நீங்களே நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் ஹார்ட்லிக்கும் 'கடுமையாக' என்ற பொருள் இருந்தது, இன்று வழக்கில் இல்லை.

சரி, ஹார்ஷ்லி பொருந்துமா என்று எப்படிப் பார்ப்பது? கடுமையாக என்பதை எடுத்துவிட்டு 'ஈவிரக்கமில்லாமல்' என்று வைத்துப் பாருங்கள். ஈவிரக்கமில்லாமல் திட்டினார், தண்டித்தார், நடத்தினார், விமர்சித்தார்... உட்காருகிறது. ஈவிரக்கமில்லாமல் காயம்பட்டான்? உட்காரவில்லை. அப்படியானால் ஹார்ஷ்லியும் வேண்டாம். இதற்கு விலக்கும் உண்டு, முக்கியமாக வெளிச்சமும் ஓசையும். கண் கூசும்படி விளக்குப் போட்ட அறையை ஹார்ஷ்லி லிட் என்பார்கள். ஹார்ஷ் என்ற சொல் முதலில் கைக்குச் சொரசொரப்பாக இருப்பதையும் நாக்கை உறுத்துவதையும்தான் குறித்தது. பிறகுதான் மனிதருடைய சொல்லுக்கும் செயலுக்கும் வந்தது.

இன்னொன்றும் உண்டு. ஆசிரியர் ஸ்டெர்ன்லி பேசினார் என்றால் கண்டிப்பாகப் பேசினார், அவ்வளவே, அவர்மேல் குற்றமில்லை. ஹார்ஷ்லி பேசினார் என்றால், அளவு மீறிவிட்டார் என்று சொல்கிறவர் குறைப்படுகிறார். டோன்ட் ஜட்ஜ் மீ டூ ஹார்ஷ்லி என்று கெஞ்சுவதும் இதனால்தான். தப்பை ஒத்துக்கொள்கிறேன், அளவு மீறி எடைபோடாதீர்கள் என்று வேண்டுகிறார்.

வாக்கியத்தில் எங்கே வைப்பது? ஹி ட்ரீட்டட் தி பாய் ஹார்ஷ்லி. பையனுக்குப் பின்னால். ட்ரீட்டடுக்கும் பையனுக்கும் நடுவில் செருகாதீர்கள். செயப்பாட்டு வினையில் மட்டும் பெரும்பாலும் முன்னால் வரும்: ஹி வாஸ் ஹார்ஷ்லி கிரிட்டிசைஸ்ட்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. சவுண்ட்ஸ், லுக்ஸ் இவற்றுக்குப் பின்னால் 'லி' கிடையாது: ஹிஸ் வாய்ஸ் சவுண்ட்ஸ் ஹார்ஷ். வணக்கம்.