சிறுநீர்ப்பையில் 'சுரப்பி அழற்சி' என்றால் புற்றுநோயா?

[திரையில்: திசுப் பரிசோதனை அறிக்கை ஒன்றின் கடைசி வரி. 'சிஸ்டைட்டிஸ் கிளாண்டுலாரிஸ்' என்ற சொற்களின் கீழே சிவப்புக் கோடு.]

மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ மதுரைக்கு வந்து, உள்நோக்கிக் கருவியால் சிறுநீர்ப்பையைப் பார்த்து, துளியளவு சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியவரின் கையில் இந்த வரி கிடைக்கும்போது, 'கட்டி மாதிரி தெரிகிறது' என்று முன்பே காதில் விழுந்த பேச்சும் சேர்ந்துகொண்டால், வீடு திரும்பும் பேருந்தில் அவர் மனம் என்ன பாடுபடும் என்பதை ஊகிக்கலாம். 'சிஸ்டைட்டிஸ் கிளாண்டுலாரிஸ்', அதாவது சிறுநீர்ப்பையின் சுரப்பி அழற்சி, என்ற அந்த வரி புற்றுநோயைக் குறிப்பதில்லை.

[திரையில்: சிறுநீர்ப்பையின் உட்சுவர், குறுக்குவெட்டுத் தோற்றம்.]

சிறுநீர்ப்பையின் உட்புறத்தை, நிரம்பும்போது விரிந்து காலியாகும்போது மடிந்துகொள்ளும் செல் அடுக்குகள் மூடியிருக்கின்றன. கல், அடிக்கடி வரும் கிருமித்தொற்று, மாதக்கணக்கில் மாட்டியிருக்கும் சிறுநீர்க் குழாய், புராஸ்டேட் வீக்கத்தால் வெளியேறாமல் தேங்கும் நீர் ஆகியவற்றில் ஒன்று அந்தச் சுவரை நெடுநாள் உறுத்தும்போது, மேலடுக்கின் செல்கள் சிறு மொட்டுகளாக உள்ளே இறங்குகின்றன. அந்த மொட்டுகளின் நடுவே குழி விழுந்து, ஓரச் செல்கள் தூண்போல் உயர்ந்து சுரப்பியின் வடிவம் கொள்வதே இந்த நிலை. பெரும்பாலும் சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியிலுள்ள முக்கோணப் பரப்பிலும் அதன் கழுத்திலும் இது வருகிறது. மேடாகத் திரண்டுவிட்டால் அனுபவமுள்ள கண்ணுக்கும் கட்டியாகவே தெரியும். ஆகவே, சதையை எடுத்துப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று சாதாரண வகை. மற்றொன்றில், குடலில் இருப்பதுபோன்ற, சளி சுரக்கும் கிண்ண வடிவச் செல்கள் தோன்றுகின்றன. சிலருக்குச் சிறுநீரில் கொழகொழவென்று சளி கலந்து போவதற்கு இதுவே காரணம். புற்றுநோய் பற்றிய அச்சமெல்லாம் இந்தக் குடல் வகையைச் சுற்றித்தான் எழுந்தது.

[திரையில்: ஒரே படத்தில் இரண்டு நிழல்கள்.]

அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. சிறுநீர்ப்பையில் அரிதாக வரும் சுரப்பிப் புற்றின் அருகிலேயே இத்தகைய செல்கள் காணப்பட்டதால், ஒன்று மற்றொன்றாக மாறுகிறது என்று பல மருத்துவர்கள் எழுதினார்கள். ஆனால், பக்கத்தில் இருப்பது வேறு, பெற்றெடுப்பது வேறு. ஒரே உறுத்தல் இரண்டையும் தனித்தனியே உண்டாக்கியிருக்கவும் கூடும். குடல் வகை மாற்றம் இருந்த 53 பேரை நெடுங்காலம் கவனித்து 1997-இல் வெளியான ஆய்வில், ஒருவருக்கும் சுரப்பிப் புற்று வரவில்லை. ஆயினும் 53 என்பது சிறிய எண்ணிக்கைதான். மாற்றம் பரவலாக இருந்தாலோ, செல்களில் ஒழுங்கின்மை தென்பட்டாலோ, மருத்துவர் குறிப்பிட்ட கால இடைவெளியில் மீண்டும் உள்நோக்கிப் பார்க்கச் சொல்வது நியாயமே. அதைத் தவிர்க்கக் கூடாது.

சிகிச்சை பெரும்பாலும் உறுத்தலைத் தேடிப் பிடிப்பதாகவே இருக்கும்: கல்லை அகற்றுவது, தொற்றைத் தீர்ப்பது, அடைப்பை நீக்குவது. மேடு பெரிதாகிச் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயின் வாயை அடைத்தால், உள்நோக்கி வழியாகவே சுரண்டி எடுப்பார்கள். அது திரும்பவும் வளரலாம்.

[திரையில்: சொம்பில் தண்ணீர், அருகே இளநீர்.]

நம் ஊரில் சித்திரை வெயிலில் நீர்க்கடுத்தால் 'சூடு பிடித்துவிட்டது' என்று இளநீரும் நன்னாரி சர்பத்தும் குடிப்பது வழக்கம்; தண்ணீர் கூடுதலாகக் குடிப்பதில் தவறில்லை. ஆனால் சிறுநீர் ஒரே ஒருமுறை சிவந்து, வலியே இல்லாமல் மறுநாள் தெளிந்துவிட்டாலும், அதைச் சூட்டின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. வலியற்ற இரத்தம்தான் சிறுநீர்ப்பைப் புற்றின் வழக்கமான முதல் அறிகுறி. பீடி, சிகரெட் பிடிப்பவரும், சாயப்பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவரும் அந்த விவரத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாயத் தொழிலாளர்களின் சிறுநீர்ப்பைக் கட்டிகளை ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் 1895-இலேயே பதிவு செய்துவிட்டார்.

[திரையில்: அதே அறிக்கை. இப்போது கோடு 'குடல் வகை' என்ற சொல்லின் கீழே.]

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இந்த அறிக்கையை நீட்டி, 'இது எந்த வகை, செல்களில் ஒழுங்கின்மை இருக்கிறதா, எதனால் உறுத்தல் வந்தது?' என்று கேளுங்கள்.