கேட்ட மருந்தைக் கொடுங்கள்

(மும்பை மாட்டுங்காவில் தமிழர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். 2005 ஜூலை 26-ஐ இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. தாராவியிலும் சயானிலும் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வீடு சேர்ந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். தண்ணீர் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் கிளம்பிப் பலரைக் கொண்டுபோனது.

அதைத் தடுக்கப் பயன்படும் மாத்திரை டாக்ஸிசைக்ளின். பழைய மருந்து, விலையும் குறைவு. 2018 கேரள வெள்ளத்தில் மீட்பு வேலைக்குப் போனவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் போடச் சொன்னது அங்குள்ள சுகாதாரத் துறை. (நாளைக்கே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.) பேரிடரில் தேவைப்படும் மருந்துகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஓஆர்எஸ் (தண்ணீரில் கலக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலம், டெட்டனஸ் ஊசி, வீட்டோடு மாத்திரை டப்பாவையும் பறிகொடுத்தவருக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள். 1971-இல் வங்காள அகதி முகாமில் காலரா வந்தபோது டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வைத்தே சாவு விகிதத்தை நூற்றுக்கு முப்பதிலிருந்து நான்குக்கும் கீழே கொண்டுவந்தார்.

சரி, நிவாரண லாரியில் என்ன வருகிறது? நான் பல வருஷம் மருந்து குடோனில் வேலை பார்த்தவன், பெட்டி பிரித்த கை இது. மேலே ‘நிவாரணப் பொருள், அவசரம்’ என்று சிவப்பு எழுத்து. உள்ளே இருமல் டானிக், வைட்டமின், டாக்டர்களுக்குக் கொடுக்கும் சாம்பிள். அதற்கும் கீழே நல்ல மனசுக்காரர்கள் வீட்டிலிருந்து அனுப்பிய வெட்டிய ஸ்ட்ரிப்புகள். ஸ்ட்ரிப்பில் எக்ஸ்பயரி தேதியும் பேட்ச் நம்பரும் பெரும்பாலும் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரம் வெட்டுப்பட்டுப் போயிருந்தால் மிச்சம் நான்கு மாத்திரை நல்லதா கெட்டதா என்று எந்த பார்மசிஸ்டாலும் சொல்ல முடியாது. குப்பைக்குத்தான் போகும். அதைப் பிரித்துப் பார்க்க ஓர் ஆள், ஒரு மேசை, ஒரு மணி நேரம் போகிறது. அங்கே வாசலில் நோயாளி நிற்கிறார்.

1988-இல் ஆர்மீனியா நிலநடுக்கத்துக்கு மருந்தும் மருத்துவப் பொருளுமாக 5,000 டன் போய்ச் சேர்ந்தது. 50 பேர் ஆறு மாதம் உட்கார்ந்து பிரித்தார்கள். போஸ்னியப் போரில் சுமார் 17,000 டன் உதவாத மருந்து குவிந்ததாக மதிப்பிட்டார்கள். எரிக்கவே கோடிக்கணக்கான டாலர் வேண்டும்.  இப்படியெல்லாம் நடந்ததால்தான் உலக சுகாதார நிறுவனம் 1996-இல் விதிமுறை போட்டது: கேட்டதை மட்டும் அனுப்பு, போய்ச் சேரும்போது எக்ஸ்பயரிக்கு ஒரு வருஷமாவது இருக்கட்டும், அங்குள்ளவர்களுக்குப் புரியும் மொழியில் லேபிள் இருக்கட்டும், நோயாளி திருப்பிக் கொடுத்ததையும் சாம்பிளையும் அனுப்பாதே. அதற்குப் பிறகும் 2004 சுனாமியின்போது இந்தோனேசியாவின் ஆச்சேயில் சுமார் 4,000 டன் மருந்து வந்து குவிந்தது.

எல்லாக் கம்பெனியையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆற்றுக்குருடு நோய்க்கான ஐவர்மெக்டினை, தேவைப்படும் வரைக்கும் தேவையான அளவு இலவசமாகத் தருகிறோம் என்று 1987-இல் மெர்க் சொன்னது. இன்று வரை தருகிறது. ஆனால் ஷார்ட் எக்ஸ்பயரி சரக்கு, அதாவது சீக்கிரம் காலாவதியாகப் போகிறது, குடோனில் தேங்கும்போது, அழிக்கவும் செலவு என்னும்போது, தானம் என்ற வாசல் கண்ணுக்குத் தெரியும். அது வியாபார புத்தி, ஆச்சரியமில்லை. நம் நாட்டில் ஒரு கதவு அடைபட்டிருக்கிறது: பொருளாகக் கொடுத்துவிட்டு அதற்கு விலை போட்டு சிஎஸ்ஆர் கணக்கில் (கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய தொகை) காட்ட முடியாது என்று 2021-இல் கம்பெனி விவகார அமைச்சகம் விளக்கிவிட்டது. ஆனால் இன்னொரு பக்கம், இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு ஜிஎஸ்டி உள்ளீட்டு வரிக் கழிவும் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. ஒழுங்கான மருந்தைக் கொடுக்கிறவனுக்கும் அதே நஷ்டம். இதை அரசு யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

கேட்டுக் கொடுப்பதற்கு ஓர் உதாரணம் விஷமுறிவு மருந்து. வெள்ளம் வந்தால் பாம்பும் மேட்டைத் தேடி வீட்டுக்குள் வரும். இங்கே பரேலில் இருக்கும் ஹாஃப்கின் அந்த மருந்தைத் தயாரிக்கும் நிறுவனம். நாட்டில் இந்த மருந்தைச் செய்யத் தேவைப்படும் பாம்பு விஷத்தில் பெரும்பங்கு சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருவது, நம்மவர்கள் உழைப்பு. எந்த மாவட்டத்தில் எத்தனை குப்பி வேண்டும், பவுடரா திரவமா, திரவம் என்றால் 2 முதல் 8 டிகிரியில் வைக்க ஃபிரிட்ஜும் கரண்டும் உண்டா என்று கேட்காமல் நூறு குப்பி அனுப்பினால் நூறும் வீண்.

அதனால் அடுத்த தடவை ஊரில் வெள்ளம் என்று செய்தி வந்தால், சங்க வாசலில் மருந்து சேகரிக்கப் பெட்டி வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தரும் மருத்துவப் பணிகள் கழகத்துக்கு மாவட்டங்களில் கிடங்குகள் உண்டு; என்ன குறைகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். பணமாகக் கொடுங்கள். மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் ஆபீஸில் நிவாரண லாரி கிளம்பும்போது போட்டோவுக்கு நிற்பதற்கு முன்னால், இந்த லிஸ்ட்டை யார் கேட்டது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மீந்ததைத் திரும்ப எடுத்துவந்து எரிக்கிற செலவு யாருடையது என்றும் கேளுங்கள். மேலதிகாரி முறைத்தால், உலக சுகாதார நிறுவன விதிமுறையை பிரிண்ட் எடுத்து அவர் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.