கலபார் அவரை: தீர்ப்பு சொன்ன நஞ்சு, நோய் தீர்த்த மருந்து

அவையோர் அனைவருக்கும் வணக்கம். நைஜீரியாவின் தென்கிழக்கில், கலபார் நகரைச் சூழ்ந்த ஆற்றங்கரைகளில் படரும் ஒரு கொடியின் விதையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கலபார் அவரை எனப்படும் இதை அங்குள்ள எஃபிக் மக்கள் 'எசெரே' என்பார்கள். ஏறத்தாழ ஓர் அங்குல நீளமும் கரும்பழுப்பு நிறமும் கொண்ட இவ்விதையை, அதன் வளைந்த விளிம்பு நெடுக ஓடும் ஆழமான பள்ளத்தைக் கொண்டே அடையாளம் கண்டுவிடலாம்.

சூனியம் வைத்ததாகப் பழி சுமத்தப்பட்டவருக்கு இதை அரைத்து நீரில் கலக்கிக் கொடுப்பது அன்றைய வழக்கம். வாந்தியெடுத்துப் பிழைத்தவர் குற்றமற்றவர், மாண்டவர் குற்றவாளி. குற்றமற்றவர் அச்சமின்றி ஒரே மூச்சில் குடிப்பதால் வாந்தி வந்து பிழைக்கிறார், குற்றவாளியோ தயங்கித் தயங்கிக் குடிப்பதால் நஞ்சு உடலில் ஏறிவிடுகிறது என்றொரு விளக்கம் உண்டு. என்னால் இதை ஏற்க முடியவில்லை. சாவு கண்முன் நிற்கும்போது குற்றமற்றவருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். பழியொன்றும் அறியாத எத்தனையோ பேர் இவ்விதையால் மடிந்திருக்கிறார்கள்.

ஆனாலும், இதன் மருத்துவ வரலாற்றை ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் தொடங்குவது முறையன்று. விதையின் ஆற்றலை அறிந்து, அதைக் காத்து வைத்திருந்தவர்கள் எஃபிக் மக்களே. அவர்களிடமிருந்து வந்த விதையைத்தான் 1855-இல் எடின்பரோ பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன் தாமே தின்று பார்த்தார். தலை சுற்றி உடல் தளர்ந்ததும், முகம் மழித்த சோப்பு நீரைக் குடித்து வாந்தியெடுத்து உயிர் தப்பினார். அவருடைய மாணவர் தாமஸ் ஃபிரேசர் இவ்விதை கண்மணியைச் சுருக்குவதைக் கண்டறிந்தார். 1863-இல் ஆர்கைல் ராபர்ட்சன் இதைக் கண் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். பின்னர் இது கண்ணழுத்த நோய்க்கு மருந்தாயிற்று.

நரம்பு தசைக்கு ஆணையிடும்போது சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை உடனுக்குடன் சிதைக்க ஒரு நொதி இருக்கிறது. விதையிலுள்ள பைசோஸ்டிக்மின் அந்த நொதியைத் தடுப்பதால் அசிட்டைல்கோலின் தேங்குகிறது. அளவு மிஞ்சினால் மூச்சுத் தசைகள் செயலிழந்து உயிர் போகும். அளவோடு கொடுத்தால், தசைகள் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா நோயாளிக்கு அதுவே தெம்பு தரும். 1934-இல் லண்டனின் கிரீனிச் பகுதி மருத்துவமனையொன்றில் மேரி வாக்கர் என்ற மருத்துவர் இதை ஊசி மூலம் செலுத்தியபோது, நோயாளியின் தொங்கிய இமை சற்று நேரத்தில் மேலெழுந்தது. ஊமத்தை நஞ்சேறிப் பிதற்றுபவரைத் தெளிவிக்கவும் இம்மருந்து கைகொடுக்கிறது.

1935-இல் பைசோஸ்டிக்மின் மூலக்கூற்றை ஆய்வகத்தில் முழுமையாக உருவாக்கிக் காட்டியவர்கள் வேதியியலாளர் பெர்சி ஜூலியனும் அவருடைய சக ஆய்வாளர் யோசஃப் பிக்லும். அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்க வம்சத்தவரின் பேரனான ஜூலியன், நிறவெறியால் பல கதவுகள் அடைக்கப்பட்ட நிலையிலும் இதே முயற்சியில் ஈடுபட்டிருந்த ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் ராபின்சன் குழுவை முந்தினார். அல்சைமர் நோயாளிகளுக்கு இன்று கொடுக்கப்படும் ரிவாஸ்டிக்மின், இதே பைசோஸ்டிக்மினின் அமைப்பை அடியொற்றி உருவாக்கப்பட்ட மருந்துதான்.